பார்வை மங்குபவருக்கு வீட்டுக் கணினி: எழுத்தைப் பெரிதாக்குவதற்கு முன்

வீட்டில் ஒருவருக்குப் பார்வை மங்கத் தொடங்கினால், உதவ வருபவர்கள் பெரும்பாலும் நேரே எழுத்தின் அளவில்தான் கை வைக்கிறார்கள். பெரிய மானிட்டர் வருகிறது, திரையில் எல்லாமே மூன்று மடங்காகிறது, சில வாரங்களில் கணினி துணி போர்த்தி மூடிக் கிடக்கிறது. காரணம் எளிய கணக்குதான். திரையை 2 மடங்கு பெரிதாக்கினால் ஒரு நேரத்தில் கண்முன் இருப்பது முழுத் திரையில் கால் பங்கு. 4 மடங்கு என்றால் 16இல் ஒரு பங்கு. மீதி 15 பங்கும் பார்வைக்கு வெளியே எங்கோ இருக்கிறது. கடிதத்தை எழுதி முடித்தவர் ‘அனுப்பு’ பொத்தானைத் தேடி நாலாபக்கமும் அலைய வேண்டும். இரண்டு முறை தேடுவார், மூன்றாம் முறை யாரையாவது கூப்பிடுவார், நான்காம் முறை கணினிப் பக்கமே வரமாட்டார்.

அதனால் பெரிதாக்குவதை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளுங்கள். தூரம், கண்ணாடி, வெளிச்சம், நிற வேறுபாடு ஆகிய நான்கையும் முதலில் சரிசெய்யுங்கள். அதன் பிறகு எவ்வளவு பெரிதாக்க வேண்டியிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நினைத்ததைவிடக் குறைவாகவே போதும்.

எந்தப் பார்வை போகிறது?

‘கண் சரியாகத் தெரியவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று நேர் எதிரான குறைகள் இருக்கின்றன. ஒருவருக்கு உதவும் அமைப்பு இன்னொருவருக்குத் தொல்லையாகிவிடும்.

மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. மாகுலா சிதைவில் பார்வையின் நடுப்பகுதி போகிறது, ஓரம் தங்குகிறது. நேராகப் பார்க்கும் எழுத்து மறைந்து, அதைச் சுற்றி உள்ளவை மட்டும் தெரியும். இவர்களுக்கு எழுத்துப் பெரிதாக வேண்டும், வெளிச்சமும் கூடுதலாக வேண்டும். சற்றுப் பக்கவாட்டில் பார்த்துப் படிக்கப் பழகியிருப்பார்கள். தலையைத் திருப்பி உட்கார்ந்திருந்தால் ‘நேராக உட்காருங்கள்’ என்று திருத்தாதீர்கள். மானிட்டரை அவர் பார்வை போகும் பக்கம் நகர்த்திவையுங்கள்.

கண் அழுத்த நோயில் நடப்பது பெரும்பாலும் இதன் தலைகீழ். ஓரம் சுருங்கிக்கொண்டே வந்து, முற்றிய நிலையில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் மிஞ்சுகிறது. இவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் அந்தக் குழாய்க்குள் நான்கு எழுத்துதான் அடங்கும். ஒரு சொல்லைப் படிக்கவே இரண்டு முறை கண்ணை நகர்த்த வேண்டியிருக்கும். நடுத்தர அளவு எழுத்து, நல்ல கறுப்பு வெள்ளை வேறுபாடு, அதிகம் அகலாத திரை ஆகியவையே இவருக்கு ஏற்றவை. 32 அங்குல மானிட்டர் இவருக்கு வெறும் சுமை.

கண்புரையில் ஒளி கண்ணுக்குள் சிதறுகிறது. வெள்ளைப் பின்னணி கூசும், எழுத்து அதில் கரைந்துபோகும். கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து பலருக்கு உடனே நிம்மதி தரும். ஆனால் அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்று முடிவாகும்வரை விலை உயர்ந்த எதையும் வாங்காதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு நிறங்களும் கூச்சமும் கண்ணாடியின் பவரும் எல்லாமே மாறும், அமைப்புகளைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவருக்குப் பார்வை இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி இருக்கலாம். இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் கூடவே ஏறி இறங்கும். இவருக்கு ஒரே நிலையான அளவு சரிப்படாது. அவரே ஒரு விசையைத் தட்டி அளவை ஏற்றவும் இறக்கவும் பழக்கிவிட வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது இருக்கிற கணினியில் வழக்கமான ஒரு வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். எங்கே முன்னால் குனிகிறார், எங்கே மோவாயைத் தூக்குகிறார், மவுஸ் அம்பை எத்தனை முறை தொலைக்கிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ‘நன்றாகத்தான் தெரிகிறது’ என்று வாய் சொல்லும்போதே கழுத்து உண்மையைச் சொல்லிவிடும்.

தூரமும் கண்ணாடியும்

60 செ.மீ. தள்ளி இருக்கும் திரையை 30 செ.மீட்டருக்குக் கொண்டுவந்தால், எழுத்து கண்ணுக்கு இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். எந்த அமைப்பையும் தொடவில்லை, திரையில் ஒரு மூலைகூட மறையவில்லை. இதைவிடச் சிறந்த உருப்பெருக்கி கிடையாது. இதற்குத் தேவை மேசையில் பிடிப்பு போட்டு மாட்டும் மானிட்டர் கை. வாங்கும் முன் மானிட்டரின் முதுகைப் பாருங்கள். சதுரமாக நான்கு திருகுத் துளைகள் இருக்க வேண்டும், பெரும்பாலும் 100 மி.மீ. அல்லது 75 மி.மீ. இடைவெளியில். துளை இல்லாத மானிட்டரும் உண்டு, அதற்குக் கை பொருந்தாது. கீபோர்டு திரைக்கு முன்னால் இருப்பதால்தான் ஆள் தள்ளி உட்கார நேர்கிறது. கை இருந்தால் திரை கீபோர்டுக்கு மேலாகவே முன்னால் வந்து நிற்கும், முதுகும் வளையாது.

ஆனால் அவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி ஒத்துழைக்க வேண்டும். வயதான கண் தானாகக் கிட்டத்தில் குவியாது. தேவைப்படும் கூடுதல் பவரைச் சுலபமாகக் கணக்கிடலாம்: 100ஐத் தூரத்தின் செ.மீட்டரால் வகுங்கள். 60 செ.மீட்டருக்குச் சுமார் 1.67 டயாப்டர், 40 செ.மீட்டருக்கு 2.5, 25 செ.மீட்டருக்கு 4. செய்தித்தாள் படிக்க வாங்கிய கண்ணாடி 60 செ.மீ. தள்ளி இருக்கும் திரைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். முதலில் அவர் வசதியாக உட்கார்ந்த நிலையில், கண்ணிலிருந்து திரைவரை அளவுநாடாவால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது ‘கம்ப்யூட்டர் பார்க்க’ என்று மட்டும் சொல்லாமல், ‘42 செ.மீ.’ என்று எண்ணையே சொல்லுங்கள். பொத்தாம்பொதுவான கண்ணாடிக்கும் கச்சிதமான கண்ணாடிக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஒரு எண்தான்.

இரட்டைப் பவர் கண்ணாடியும் புரோகிரசிவ் கண்ணாடியும் போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். கிட்டத்தில் பார்ப்பதற்கான பகுதி கண்ணாடியின் அடியில் இருக்கிறது. திரை கண் மட்டத்தில் இருந்தால் மோவாயைத் தூக்கித்தான் படிக்க முடியும். ஒரு மணி நேரத்தில் பிடரி வலி வரும், பழி கணினி மேல் விழும். திரையைத் தாழ்த்தி, மேல்பக்கம் சற்றுப் பின்னால் சாயும்படி வையுங்கள். அல்லது திரைக்கென்றே ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று செய்து, மேசையிலேயே வைத்துவிடுங்கள். நீல ஒளியைத் தடுப்பதாக விற்கும் கண்ணாடிக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடலாம்.

திரை

24 அங்குலத் திரையின் அகலம் 53 செ.மீ., 27க்கு 60, 32க்கு 71. நடுப்பகுதி கண்ணிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கும்படி 32 அங்குலத் திரையை வைத்தால், அதன் வலது, இடது ஓரங்கள் 53 செ.மீ. தள்ளிப் போய்விடும். 40க்கென்று செய்த கண்ணாடியில் நடு தெளிவாகவும் ஓரம் மங்கலாகவும் தெரியும். நேரம் காட்டும் மூலையும் மூடும் பொத்தானும் இருப்பது அந்த ஓரத்தில்தான். கிட்டத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு 24 முதல் 27 அங்குலமே நல்ல அளவு.

4கே திரை வாங்கினால் நிறைய இடம் கிடைக்கும் என்று நினைப்பதும் தவறு. 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையை 150 விழுக்காட்டில் வைத்தாலும், 3840க்கு 2160 உள்ள 4கே திரையை 300 விழுக்காட்டில் வைத்தாலும், நிரல்களுக்குக் கிடைக்கும் இடம் ஒன்றுதான், 1280க்கு 720. 4கே தருவது எழுத்தின் விளிம்பில் கூர்மை. கிட்டத்தில் பார்ப்பவருக்கு அது உண்மையான உதவிதான், அதற்காக வாங்கலாம்.

வீட்டில் இருக்கும் டிவியை மானிட்டராக்குபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பல டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிவிடும், திரையின் அடியில் இருக்கும் டாஸ்க்பார் காணாமல் போகும். டிவியின் பட அளவு மெனுவில் வெட்டாமல் அப்படியே காட்டும் முறை இருக்கும். இரண்டாவது, நிறத் தகவலைச் சுருக்கிக் காட்டும் வழக்கம். கறுப்பில் சிவப்பு எழுத்து விளிம்பு கலைந்து தெரிந்தால் இதுதான் காரணம். கணினி இணைத்திருக்கும் உள்ளீட்டை ‘பிசி’ முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஷார்ப்னெஸ்ஸையும் குறையுங்கள். அது கூடினால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளைக் கோடு ஓடும்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால் ஒன்றைக் கிட்டே கொண்டுவந்தால் மற்றது மடியில் விழும். லேப்டாப்தான் இருக்கிறது என்றால் தனி மானிட்டரும் தனி கீபோர்டும் மாட்டி, டச்பேடை நிறுத்திவிடுங்கள்.

வெளிச்சம்

ஜன்னல் திரைக்குப் பின்னாலும் வேண்டாம், பார்ப்பவருக்குப் பின்னாலும் வேண்டாம். பின்னால் இருந்தால் திரையில் ஜன்னல் தெரியும், முன்னால் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருக்கட்டும். இருட்டறையில் திரை மட்டும் எரிவதும் கண்ணுக்குச் சோர்வைத் தரும். தாளையும் கீபோர்டையும் பார்க்க ஒரு மேசை விளக்கு, நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கமாக வையுங்கள். விளக்கை 1 மீட்டரிலிருந்து அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் தாளில் விழும் ஒளி 4 மடங்காகும், பெரிய பல்பு தேவையில்லை. ஒளி திரைமேல் படாதபடி மூடியைத் திருப்புங்கள். திரையின் பிரகாசத்தை வைக்க ஒரு நல்ல வழி: வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒத்துவரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். அங்கிருந்து, மாகுலா சிதைவு உள்ளவருக்குச் சற்றுக் கூட்டவும் கண்புரை உள்ளவருக்குச் சற்றுக் குறைக்கவும் வேண்டியிருக்கும்.

இப்போது அளவு

விண்டோஸில் பெரிதாக்க மூன்று வேறு வழிகள் உண்டு. மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தொல்லை வருகிறது.

முதலில் செய்யக்கூடாத ஒன்று: ரெசல்யூஷனை, அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைப்பது. எழுத்துப் பெரிதாகும், ஆனால் கலங்கிப்போகும். மங்கிய கண்ணுக்கு மங்கிய எழுத்தைத் தரக்கூடாது. திரைக்கு உரிய ரெசல்யூஷனிலேயே வைத்து, டிஸ்ப்ளே பக்கத்தில் ‘ஸ்கேல்’ அளவை ஏற்றுங்கள். எழுத்து, ஐகான், பொத்தான் எல்லாம் சேர்ந்து பெரிதாகும். 1920க்கு 1080 திரையில் 150 விழுக்காட்டைத் தாண்டும்போது எச்சரிக்கையாக இருங்கள். 225 விழுக்காட்டில் உயரத்தில் 480 புள்ளி இடம்தான் மிஞ்சும். உயரமான பெட்டி ஒன்று திறந்தால் அதன் அடியில் இருக்கும் ‘ஓகே’ பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். அவர் பெட்டி முன் காத்திருப்பார், கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து மின்சாரத்தையே நிறுத்துவார்.

அதற்குமேல் தேவையானால் அக்சஸிபிலிட்டி பக்கத்தில் இருக்கும் ‘டெக்ஸ்ட் சைஸ்’. விண்டோஸ் விசையோடு யூ தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். இது எழுத்தை மட்டும் 225 விழுக்காடுவரை பெரிதாக்கும். பிரவுசருக்குத் தனியாக ஏற்றிக்கொள்ளலாம். கன்ட்ரோலோடு கூட்டல் குறி ஏற்றும், கழித்தல் குறி இறக்கும், பூஜ்யம் பழைய நிலைக்குக் கொண்டுவரும். 500 விழுக்காடுவரை போகும், நன்றாகக் கட்டிய தளம் வரிகளைத் திரைக்குள்ளேயே மடித்துக் காட்டும். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் விளம்பரங்களை ஒதுக்கி எழுத்தை மட்டும் காட்டும் வாசிப்பு முறை இருக்கிறது. விண்டோஸில் இரண்டிலும் எஃப்9 தட்டினால் திறக்கும். நாளிதழ் படிப்பவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு விசை பெரிய வரம்.

தமிழ் படிப்பவருக்கு அளவை எப்படிச் சோதிப்பது? ஆங்கில எழுத்து தெரிகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். தமிழில் பொருள் ஒரு புள்ளியில் நிற்கிறது. ‘மக்கள்’ என்பதில் இரண்டு புள்ளியும் கரைந்தால் ‘மககள’ என்று ஒரு குப்பை மிஞ்சும். எ, ஏ வேறுபாடு ஒரு சிறு கோடு. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் ஒரு சுழி. ‘கெட்டான்’, ‘கேட்டான்’ இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைத்து, எந்த அளவில் தயங்காமல் பிரித்துப் படிக்கிறாரோ அதுதான் அவருடைய அளவு. மெல்லிய எழுத்துருவில் முதலில் மறைவது புள்ளிதான். தடிப்பு சீரான நிர்மலா யுஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றை வையுங்கள். தடித்த எழுத்தைக் கூட்டினால் ண, ன போன்றவற்றின் சுழிகள் அடைபடுகின்றனவா என்றும் பாருங்கள். வேர்டில் வரி இடைவெளியை 1.5 ஆக்கினால், மேல்வரியின் கீழிறங்கும் ‘ு’ குறிகள் கீழ்வரியின் புள்ளியோடு மோதாது.

நிறமும் அம்பும்

வெள்ளைமேல் கறுப்பின் ஒளி வேறுபாடு 21க்கு 1. இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் கேட்கும் குறைந்தபட்சம் 4.5க்கு 1, உயர்நிலைக்கு 7க்கு 1. வெளிர் சாம்பல் எழுத்தோடு வரும் பல தளங்கள் அந்தக் குறைந்தபட்சத்தையே தொடுவதில்லை. விண்டோஸின் கான்ட்ராஸ்ட் தீம்கள் இந்தத் தளங்களின் நிறத்தையெல்லாம் தள்ளிவிட்டுத் தன் நிறத்தைப் பூசும். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரின்ட் ஸ்கிரீன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும், மறுபடி அழுத்தினால் போகும். பின்னணியில் மட்டும் அடங்கிய சில பொத்தான்களின் படங்கள் இதில் காணாமல் போவதுண்டு. அப்போது தற்காலிகமாக நிறுத்த அந்த விசைகள் தெரிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் கறுப்புப் பின்னணி நல்லது என்பதும் இல்லை. இருண்ட திரையில் கண்மணி விரிகிறது. ஒளி ஒரே புள்ளியில் குவியாத அஸ்டிக்மாட்டிசம் உள்ளவருக்கு வெளிர் எழுத்தைச் சுற்றி நிழல் படரும். இரண்டையும் ஒவ்வொரு பக்கம் படிக்கச் சொல்லி, எதில் தடுமாறாமல் போகிறார் என்று பாருங்கள்.

மவுஸ் அம்பை 15 படிகளில் பெரிதாக்கலாம், நிறமும் மாற்றலாம். பளிச்சென்ற மஞ்சளோ பச்சையோ வைத்து 4 அல்லது 5ஆம் படியில் தொடங்குங்கள். மிகப் பெரிய அம்பு, தான் காட்ட வேண்டிய சொல்லையே மறைக்கும். மவுஸ் அமைப்பில் ‘கன்ட்ரோல் தட்டினால் அம்பு இருக்கும் இடத்தைக் காட்டு’ என்பதைத் தேர்ந்துவிடுங்கள். எழுதும் இடத்தில் துடிக்கும் மெல்லிய கோட்டை ‘டெக்ஸ்ட் கர்சர்’ பக்கத்தில் தடிப்பாக்கி நிறக் குறியும் சேர்க்கலாம். டெஸ்க்டாப்பில் பேரப்பிள்ளைகள் படம் இருந்தால் மனம் வருந்தாமல் அதை ஸ்கிரீன் சேவருக்கோ சுவருக்கோ மாற்றுங்கள். ஐகான்களுக்குப் பின்னால் ஒரே அடர்நிறம் இருக்கட்டும். அக்சஸிபிலிட்டியின் ‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ பக்கத்தில் அசைவுகள், ஒளி ஊடுருவும் விளைவுகள் இரண்டையும் நிறுத்தி, உருள்பட்டை எப்போதும் தெரியும்படி வையுங்கள். அறிவிப்புப் பெட்டி 5 நொடியில் மறைந்துவிடும். அதே பக்கத்தில் அதை 30 நொடி, 1 நிமிடம் என்று கூட்டலாம். திரை அணையும் நேரத்தையும் நீட்டிவிடுங்கள். மெதுவாகப் படிப்பவர் பாதிப் பக்கத்தில் இருக்கும்போது திரை கறுத்தால், போனது திரையா கண்ணா என்று ஒரு கணம் நெஞ்சு பதறிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால், திரையில் தெரிவதையே உருப்பெருக்கிக் காட்டும் மேக்னிஃபையர். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறி தொடங்கும், விண்டோஸ் விசையோடு எஸ்கேப் நிறுத்தும், கன்ட்ரோல் ஆல்ட் ஐ நிறங்களைத் தலைகீழாக்கும். நிறுத்தும் விசையைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். தெரியாமல் தொடங்கி வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொள்வதே வழக்கமாக நடக்கும் விபத்து. முழுத் திரை, லென்ஸ், மேலே ஒட்டிய பட்டை என்று மூன்று முறைகளில் நீண்ட வாசிப்புக்கு முழுத் திரையும், அவ்வப்போது ஓர் எண்ணைப் பார்க்க லென்ஸும் ஏற்றவை. மேக் கணினியில் அக்சஸிபிலிட்டிக்குள் ‘ஜூம்’ அமைப்பைத் திறந்துவிட்டால், கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டுவதே போதும்.

கை பழகட்டும்

எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்கிறது. கண் பார்க்காமல் கை வீடு திரும்புவதற்கென்றே வைத்தது. மேலும் மூன்று நான்கு விசைகளில் மட்டும், எஸ்கேப், பிரவுசரில் பயன்படும் எஃப்9 போன்றவற்றில், ஒட்டும் புடைப்புப் புள்ளி வையுங்கள். இருபது விசையில் ஒட்டினால் எதிலும் ஒட்டாததற்குச் சமம். டாஸ்க்பாரில் அவருக்கு வேண்டிய நிரல்களை மட்டும் வரிசையாகப் பின் செய்யுங்கள். விண்டோஸ் விசையோடு 1 தட்டினால் முதலாவது, 2 தட்டினால் இரண்டாவது திறக்கும். மஞ்சள் அஞ்சல் எங்கே, நீலப் பிரவுசர் எங்கே என்று தேட வேண்டாம். பிறகு அந்த வரிசையை யாரும் மாற்றக்கூடாது. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் கேள்வியை அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள். கேப்ஸ் லாக் தட்டினால் ஒலி எழுப்பும் டாகிள் கீஸை மட்டும் இயக்குங்கள். கடவுச்சொல் பல முறை தவறுவது அந்த விசையால்தான்.

தமிழ் தட்டச்சில் ஒலிபெயர்ப்பு முறை பார்வை உள்ளவருக்கு எளிது. ஆனால் அது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பரிந்துரைப் பட்டியலைக் காட்டி, அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும். அந்தச் சிறு பெட்டியைப் பார்க்கத்தான் கண் இல்லையே. தமிழ்99 பலகையில் பட்டியல் கிடையாது, தட்டியது அப்படியே விழும். மேடு உள்ள எஃப்பில் ஃ, ஜேயில் ப. உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். கக என்று இரு முறை தட்டினால் க்க என்று புள்ளி தானாக விழும். இரண்டு மூன்று வாரப் பயிற்சி வேண்டும், அதைப் பார்வை இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

காது கண்ணுக்கு முன்னால் தயாராகட்டும்

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் நிரலான திரைவாசிப்பானைக் கடைசி நிலைக்கென்று ஒதுக்கிவைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பார்வை முழுவதும் போன பிறகு, புதுக் குரலையும் புது விசைகளையும் துயரத்தையும் ஒரே நேரத்தில் ஒருவர் தலையில் ஏற்றுவது கொடுமை. அரைப் பார்வை இருக்கும்போது தொடங்கினால் திரையில் தெரிவதும் காதில் விழுவதும் ஒன்றையொன்று சரிபார்க்கும். கற்பது எளிதாகும். நீண்ட கட்டுரையைக் காதால் கேட்டு, சின்னக் குறிப்பைக் கண்ணால் பார்ப்பது என்று வேலையைப் பங்குபோட்டால் கண்ணும் மாலைவரை தாங்கும்.

விண்டோஸில் நரேட்டர் என்ற திரைவாசிப்பான் உடனேயே இருக்கிறது. கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் சேர்ந்து தொடங்கும், நிறுத்தும். நாள் முழுவதும் பயன்படுத்த என்விடிஏ என்ற இன்னொரு திரைவாசிப்பான் நல்லது. ஆஸ்திரேலியாவில் 2006இல் பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் தொடங்கியது, இலவசம். முதல் நாள் மூன்று விசை போதும். கன்ட்ரோல் தட்டினால் பேச்சு நிற்கும். இன்சர்ட்டோடு கீழ் அம்பு தட்டினால் தொடர்ந்து படிக்கும். இன்சர்ட்டோடு 1 தட்டினால், எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும், வேறு எதுவும் நடக்காது. பயமில்லாமல் கீபோர்டைத் தடவிப் பழக இதைவிட நல்ல வழி இல்லை. பிறகு இணையப் பக்கத்தில் எச் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவக் கற்றுக்கொடுங்கள்.

தமிழ்க் குரல் தனியாகச் சேர்க்க வேண்டியது. விண்டோஸில் தமிழ் மொழிக்கான பேச்சுத் தொகுப்பை இறக்கினால் ‘வள்ளுவர்’ என்ற குரல் வரும், என்விடிஏவிலும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் நிரலிலும் தமிழ் உண்டு, குரல் கரகரப்பு, ஆனால் விரைவாகப் பதில் தரும். தமிழ்ப் பக்கத்தில் கணினி எண்களை மட்டும் படித்துவிட்டு அமைதியானால் பயப்பட வேண்டாம், ஆங்கிலக் குரல் தேர்வாகியிருக்கிறது. பழைய தமிழ் ஆவணம் ‘எச் ஜி கே’ என்று உளறினால் அது பாமினி போன்ற, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டைப் பின்பற்றாத எழுத்துருவில் தட்டச்சானது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கோப்புக்குள் ஆங்கில எழுத்தாகவே இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றினால்தான் குரல் வரும். எதுவுமே படிக்காத பிடிஎஃப் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம், அதற்குப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி வேண்டும்.

ஒலிபெருக்கியைக் கம்பி வழியாகவே இணையுங்கள். புளூடூத்தில் விசைக்கும் குரலுக்கும் இடையே ஒரு சிறு தாமதம் இருக்கும், அது கையைக் குழப்பும். சில ஒலிக்கருவிகள் சற்று ஓய்ந்திருந்தால் தூங்கிவிட்டு, அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லை விழுங்கும். ‘நீக்கவா’, ‘சேமிக்கவா’ என்ற கேள்வியில் முதல் சொல் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொலைவிலிருந்து உதவுவது

அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கைக் கொடுங்கள். பிரவுசரில் விளம்பரத் தடுப்பானைப் போட்டு, தளங்கள் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்பதையே மூடிவிடுங்கள். முழுத் திரையில் சிவப்பாக வந்து ‘வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று அலறும் பக்கங்கள், முகவரிப் பட்டையைப் படிக்க முடியாதவரையே அதிகம் ஏமாற்றுகின்றன. எஸ்கேப்பை அழுத்திப் பிடிப்பது, பிறகு ஆல்ட்டோடு எஃப்4 தட்டுவது, இந்த இரண்டையும் கை தானாகச் செய்யும்வரை பழக்குங்கள். விண்டோஸின் குவிக் அசிஸ்ட் மூலம் நீங்கள் தொலைவிலிருந்தே திரையைப் பார்த்து உதவலாம். தானாக அழைத்துவந்த எவர் சொல்லும் குறியீட்டையும் அதில் தட்டக்கூடாது, கணினியைப் பயன்படுத்துபவர் உங்களை அழைத்தால் மட்டுமே அது திறக்க வேண்டும்.

எல்லாம் அமைத்து முடித்ததும் ஸ்கேல் எவ்வளவு, எந்த தீம், அம்பு எந்தப் படி, கண்ணாடித் தூரம் எத்தனை செ.மீ. என்று ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வையுங்கள். பெரிய புதுப்பித்தலுக்குப் பிறகு சில அமைப்புகள் மாறிவிடுவதுண்டு, பழுது பார்க்க வருபவர் தனக்கு வசதியாக எல்லாவற்றையும் 100க்கு இறக்கிவிட்டுப் போவதும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ‘கெட்டான், கேட்டான்’ சோதனையை மறுபடி செய்து, தேதியோடு அதே தாளில் குறியுங்கள்.

ஒரு நாள் அவர், எக்ஸெல் கட்டங்களின் கோடு வளைந்து தெரிகிறது, மானிட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். கேபிளைத் தொடும் முன் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கண்ணை. மானிட்டரின் கோளாறு என்றால் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி தெரியும். ஒரு கண்ணில் மட்டும் கோடு வளைந்தாலோ நடுவே புதிதாகக் கறை தெரிந்தாலோ அது விழித்திரை. மாகுலா சிதைவில் கசிவு தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். ஊசி மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்தக்கூடியது, ஆனால் நாள் கடந்தால் போன பார்வை திரும்பாது. கணினியை அப்படியே விட்டுவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.